பிள்ளைகளோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்: ஐந்து பேருக்கு எங்கே செலவைக் குறைக்கலாம்?

பண்டாரவளை டீச்சர் | ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்ததோடு சரி, இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் சிங்கப்பூரில் செந்தோசா தீவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற கேளிக்கைப் பார்க்குக்குக் கூட்டிப் போவதாக அவளுடைய அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். போன வருடம் சித்தியடைந்துவிட்டாள். அதன்பிறகு கேட்கவே இல்லை. எங்கள் நிலைமை தெரிந்த பிள்ளை. அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர், மகள் (இப்போது 11, செப்டெம்பரில் 12 ஆகிறது), மகன் (5), என் அம்மா (63). அம்மா தோட்டத்தில் 34 வருடம் கொழுந்து எடுத்தவர். விமானத்தைக் கீழே நின்று பார்த்ததோடு சரி.

டிசம்பர் லீவுக்கு ஒரு பயண முகவரிடம் கேட்டோம். செந்தோசா தீவுக்குள்ளேயே 4 இரவு, பார்க் டிக்கட், ஐந்து பேருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் (நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரியில் ஏற எடுக்கிற கூடுதல் டிக்கட்), ஊர் சுற்றிக் காட்டுவது, விமான நிலையத்துக்கு வாகனம் என்று எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னார்கள். அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டில் இன்னொரு அறை கட்டலாம்.

மலிவாகப் போய்வர வழி கேட்கவில்லை. நல்ல ஹோட்டலில் பிள்ளைகள் ஒரு தடவையாவது தங்கட்டும் என்றுதான் ஆசை. தேவையில்லாத இடத்தில் காசு போகக்கூடாது, அவ்வளவுதான். அம்மா தன்னுடைய சேமலாப நிதிக் காசைத் தருகிறேன் என்கிறார். அதைத் தொட எனக்கு மனமில்லை.

சீசன் டவுன் | ஞாயிறு, இரவு 10.45

டீச்சர், நான் நுவரெலியாவில் ஹோட்டல் ரிசப்ஷனில் 16 வருடமாக இருக்கிறேன். எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். ஏப்ரலில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும்போது கிரகரி வாவிப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களில் நான் ஒரு விலைக்குக் கொடுக்கிற ரூமை, அதே கட்டில் அதே ஹீட்டரோடு, மே கடைசியில் பாதி விலைக்குக் கொடுக்கிறேன். மலையகத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் நாம் வெளிநாடு போகும்போது மட்டும் நேராக அவர்களுடைய சீசனுக்குள் போய் விழுகிறோம்.

சிங்கப்பூரில் பாடசாலை லீவு ஜூன் மாதமும், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரையும். டிசம்பரில் கிறிஸ்மஸும் சேர்ந்துகொள்ளும். விமானம், ரூம், பார்க் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்கும். எக்ஸ்பிரஸ் பாஸ் இல்லாமல் முடியாது என்று உங்களை நினைக்க வைப்பதும் அந்தக் கூட்டம்தான்.

நம்முடைய ஆகஸ்ட் லீவில் அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஆகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய தினம், அதையொட்டிய நாட்களை விட்டுவிடுங்கள். வாரத்தின் நடுவில், செவ்வாய் புதன் போல, பார்க்குக்குப் போங்கள். முகவரோடு பேரம் பேசுவதெல்லாம் அப்புறம். முதலில் திகதியை மாற்றுங்கள்.

இன்னொன்று. மகளுக்குச் செப்டெம்பரில் 12 ஆகிறது என்றீர்கள். விமானத்தில் பிள்ளைகளுக்கான கட்டணம் பொதுவாக 2 வயதிலிருந்து 11 வரைதான். ஆகஸ்டில் போய் ஆகஸ்டிலேயே திரும்பினால் அவளுக்குப் பிள்ளைக் கட்டணம். டிசம்பரில் போனால் பெரிய ஆள்.

பண்டாரவளை டீச்சர் | ஞாயிறு, இரவு 11.05

ஐயோ, இந்த வயதுக் கணக்கை யாருமே சொல்லவில்லையே. முகவரும் சொல்லவில்லை. யுனிவர்சலிலும் அப்படியா?

கொட்டகலை பையன் | திங்கள், காலை 6.10

அக்கா, நான் கொட்டகலை, இங்கே சிங்கப்பூரில் வேலைக்கு வந்து 8 வருடம். யுனிவர்சலில் 4 முதல் 12 வயது வரை பிள்ளை டிக்கட், 4 வயதுக்குக் கீழ் இலவசம். ஆக மகளுக்கு அங்கே பிரச்சினை இல்லை. பார்க்குக்குப் பார்க் இந்த எல்லை மாறும். ஹொங்கொங் டிஸ்னிலாந்தில் 3 முதல் 11.

வேறு சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. வந்து இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். உங்கள் பக்கேஜில் 'ஆவணக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால் என்ன ஆவணம் என்று கேளுங்கள்.

செந்தோசாவுக்குள் போவதற்கு ஹார்பர்பிரண்ட் ஸ்டேஷனில் இறங்கி, விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து குட்டி ரயில் பிடிக்கலாம், ஒருவருக்கு 4 சிங்கப்பூர் டொலர். கடலுக்கு மேலே போட்டிருக்கிற நடைபாதையில் நடந்தால் காசே இல்லை. காலையில் பிள்ளைகளை நடக்க வையுங்கள், கப்பல் பார்த்துக்கொண்டே வருவார்கள். திரும்பும்போது ரயிலில் வாருங்கள், திரும்பி வருவதற்குக் கட்டணம் இல்லை.

ஊர் சுற்றிக் காட்டுகிற பேருந்து வேண்டவே வேண்டாம். கார்டன்ஸ் பை த பேயில் வெளித்தோட்டம் இலவசம். இரவு 7.45க்கும் 8.45க்கும் அங்கே மரம் போலக் கட்டியிருக்கிற இராட்சதக் கோபுரங்களில் விளக்கும் பாட்டும் நடக்கும், அதற்கும் டிக்கட் இல்லை. கீழே படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தாவரவியல் பூங்காவும் இலவசம், ஓர்க்கிட் பகுதிக்கு மட்டும்தான் கட்டணம். ஹக்கலைப் பூந்தோட்டம் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு அது பிடிக்கும்.

விமான நிலையத்திலிருந்து வரும்போது கவனம்: சாதாரண டாக்சியில் 4 பேர்தான் ஏற்றுவார்கள். நீங்கள் ஐந்து பேர். இரண்டு டாக்சி பிடிக்காமல் பெரிய வண்டியாக ஒன்று கேளுங்கள், அல்லது பெட்டி குறைவென்றால் எம்ஆர்டி ரயிலிலேயே வந்துவிடலாம்.

மஸ்கெலியா அம்மா | திங்கள், காலை 11.30

டீச்சர், என் அனுபவத்தைச் சொல்கிறேன், நீங்கள் ஏமாறக்கூடாது. மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் வேறொரு நாட்டில் பெரிய பார்க் ஒன்றுக்குப் போனோம். பக்கேஜ்தான். என் சின்னவனுக்கு அப்போது 3 வயதும் சில மாதமும். அந்தப் பார்க்கில் அந்த வயதுக்கு டிக்கட்டே கிடையாது. முகவர் அவனுக்கும் டிக்கட் காசு வாங்கியிருந்தார். வாசலில் போர்டைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. திரும்பி வந்து கேட்டால், பக்கேஜில் பிரித்துக் கணக்குப் பார்க்க முடியாது என்றார்கள்.

பெரியவன் கதை அதைவிட வேதனை. எக்ஸ்பிரஸ் பாஸ் அவனுக்கும் எடுத்தோம். அவன் ஆசைப்பட்ட சவாரிக்கு உயர எல்லை இருந்தது. இரண்டு சென்ரிமீட்டர் குறைவு. அளக்கிற கம்பத்துக்குக் கீழே குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றான். அங்கே நின்ற ஊழியப் பெண் பிள்ளை அன்பாகத்தான் சொன்னாள், ஆனாலும் விடவில்லை. அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பாஸுக்குக் கொடுத்த காசு முழுக்க வீண்.

ஆகையால் இன்றைக்கே இரண்டு பிள்ளைகளையும் கதவு நிலையில் நிற்க வைத்து, செருப்பில்லாமல் அளந்து, பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு எக்ஸ்பிரஸ் பற்றி யோசியுங்கள்.

கொட்டகலை பையன் | திங்கள், மதியம் 1.15

மஸ்கெலியா அம்மா சொன்னது மிகச் சரி. யுனிவர்சலில் டிரான்ஸ்போர்மர்ஸ் சவாரிக்கு 102 செ.மீ., மம்மி சவாரிக்கு 122, பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. உயரம் பத்தாத பிள்ளை உள்ள குடும்பத்துக்கு இன்னொரு வசதி இருக்கிறது. ஒருவர் பிள்ளையோடு வெளியே நிற்க, மற்றவர் போய் வந்ததும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம். வாசலில் நிற்கிற ஊழியரிடம் கேளுங்கள். சில சவாரிகளில் தனியாள் வரிசையும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது, ஆனால் சீக்கிரம் உள்ளே போய்விடலாம்.

பண்டாரவளை டீச்சர் | திங்கள், இரவு 8.40

அளந்தேன். மகள் 139, மகன் 104. மகனுக்கு ஒரே சந்தோசம், என்ன ஏதென்று தெரியாமலே கோட்டுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டான்.

அப்படியென்றால் எக்ஸ்பிரஸ் ஐந்து பேருக்கும் தேவையே இல்லை, இல்லையா?

சீசன் டவுன் | திங்கள், இரவு 9.30

ஆகஸ்டில் வார நடுவில் என்றால் முதலில் யாருக்கும் எடுக்காதீர்கள். பார்க் திறக்கும் முன்பே வாசலில் நில்லுங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் மகளுக்குப் பிடித்த பெரிய சவாரிகளை முடித்துவிட்டால் மிச்ச நாள் முழுக்க ஆறுதலாக நடக்கலாம்.

இப்போது ஹோட்டல். இது என் தொழில், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாலு இரவும் செந்தோசாவுக்குள் தங்க வேண்டியதில்லை. பகலெல்லாம் நீங்கள் வெளியே இருக்கப்போகிறீர்கள். நகரத்துக்குள் சிராங்கூன் ரோடு, ஃபாரர் பார்க் என்கிற இடங்கள் பக்கம் சுத்தமான, அளவான ஹோட்டல்கள் இருக்கின்றன. காலையில் இட்லி, தோசை காலடியில். அங்கே மூன்று இரவு. செந்தோசாவுக்குள் பெரிய ஹோட்டலில் ஒரே ஒரு இரவு, அதுவும் பார்க்குக்குப் போகிற நாளில்.

அந்த ஒரு இரவை இப்படி எடுங்கள். செக்-இன் பொதுவாக பிற்பகல் 3 மணி. ஆனால் பெட்டிகளைக் காலையிலேயே ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் போகலாம், எந்த நல்ல ஹோட்டலும் மறுக்காது. நேராகப் பார்க். இடையில் அம்மாவுக்கோ மகனுக்கோ களைப்பென்றால் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, 3 மணிக்குச் சாவியை வாங்கி ஒரு தூக்கம் போட்டுவிட்டு, அதே டிக்கட்டில் மறுபடி உள்ளே போகலாம். அடுத்த நாள் காலை முழுக்க நீச்சல் குளம். ஒரு இரவுக்குக் காசு கொடுத்து இரண்டு நாள் அனுபவிக்கிறீர்கள். என்னிடம் வருகிற குடும்பங்களைப் பார்க்கிறேனே, மூன்றாம் நாள் பிள்ளைகள் ஹோட்டலைக் கவனிப்பதே இல்லை. முதல் நாள் வாசல் கதவு தானாகத் திறக்கும்போது அவர்கள் கண் விரிவதுதான் நாம் கொடுக்கிற காசுக்கு உரியது.

விலையைப் பார்க்கும்போது பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 10 வீத சேவைக் கட்டணம், அதன் மேல் 9 வீத வரி என்று அர்த்தம். 100 டொலர் என்று போட்டிருந்தால் நீங்கள் கட்டுவது 119 டொலர் 90 சதம். முகவர் கொடுத்த தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் ஒரே ரூமில் எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போட்டுத் தேடுங்கள். பொய் சொல்லி எடுத்தால் கவுண்டரில் இன்னொரு ரூமுக்குக் காசு கட்ட நேரிடும். அதை நானே எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. சொல்கிற எங்களுக்கும் அது கஷ்டம். இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய ரூமாக இப்போதே போட்டுவிட்டு, போகும் வரை வாரம் ஒரு தடவை விலை பாருங்கள். குறைந்தால் புதிதாகப் போட்டு, பழையதை ரத்துச் செய்யுங்கள். அப்புறம் ஹோட்டலுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி, இணையத்தில் இந்த விலை பார்த்தேன், நேராக எடுத்தால் காலைச் சாப்பாடு சேர்த்துத் தருவீர்களா என்று கேளுங்கள். கேட்டால் கிடைக்கும். கேட்கிறவர்களுக்கு நானும் கொடுத்திருக்கிறேன்.

கம்பளை வாசகன் | செவ்வாய், காலை 7.50

இவ்வளவு செலவழிக்கிறீர்கள், ஹொங்கொங் டிஸ்னிலாந்து பார்க்கலாமே டீச்சர்? சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் நல்லது. ஜொகூரில் லெகோலாந்தும் இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம்.

அம்மா எந்தச் சவாரியிலும் ஏறப்போவதில்லை என்றால் அவருக்குப் பார்க் டிக்கட் எதற்கு? வெளியே உட்காரலாமே.

கொட்டகலை பையன் | செவ்வாய், காலை 8.30

அண்ணா, ஹொங்கொங்குக்கும் மலேசியாவுக்கும் நமக்கு விசா வேண்டும். ஐந்து பேருக்கு விசாச் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பாருங்கள். லெகோலாந்து சின்னப் பிள்ளைகளுக்கு அருமையான இடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மகளுக்கு வாக்குக் கொடுத்தது யுனிவர்சல்.

மஸ்கெலியா அம்மா | செவ்வாய், காலை 9.05

தம்பி கம்பளை, கோபிக்காதீர்கள். குறைக்க வேண்டிய இடம் அதுவல்ல. 34 வருடம் கூடை சுமந்த அம்மாவை வாசலில் பைக்குக் காவல் வைத்துவிட்டு பிள்ளைகள் உள்ளே போய்ச் சிரிக்க முடியுமா?

பண்டாரவளை டீச்சர் | செவ்வாய், பிற்பகல் 3.20

அம்மாவே அதைத்தான் சொன்னார். "நீங்க போங்க, நான் வெளியில இருந்து பையைப் பார்த்துக்கிறேன்" என்று. அம்மா உள்ளே வருகிறார். அதில் மாற்றமில்லை.

கொட்டகலை பையன் | செவ்வாய், மாலை 6.45

உட்கார்ந்து பார்க்கிற காட்சிகள் உள்ளே இருக்கின்றன அக்கா, அம்மாவுக்கு நேரம் போகும். நடக்கக் கஷ்டமென்றால் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம்.

அம்மா வெற்றிலை போடுகிறவரா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மெல்லுகிற புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தடை. என்னோடு வேலை செய்கிற ஒருவருடைய அம்மாவின் முந்தானை முடிச்சில் ஒரு துண்டு இருந்து, விமான நிலையத்தில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதாயிற்று. கட்டுநாயக்காவுக்குப் போகிற வழியிலேயே கைப்பை, சுருக்குப்பை, முந்தானை எல்லாம் பார்த்துவிடுங்கள். சுவிங்கமும் வேண்டாம்.

ஹட்டன் ரோட்டுக்காரன் | செவ்வாய், இரவு 8.15

விமான நிலையத்துக்கு வேன் ஓடுகிறவன் நான். டிசம்பர் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நம் ரோடுகள் என்னவாயின என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதங்களில் மண் சரிந்து விமானத்தைத் தவறவிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே இரவில் போய்விடும். ஆகஸ்டிலும் ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழை இருக்கும். பண்டாரவளையிலிருந்து முதல் நாள் பகலிலேயே இறங்கிவிடுங்கள். நீர்கொழும்புப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்குங்கள். ஒருவழிக்கு மட்டும் வேன் பிடித்து, திரும்பும்போது யாராவது காலியாக மேலே ஏறுகிற வேனைக் கேட்டால் குறைவாக முடியும்.

தலவாக்கலை அக்கா | புதன், காலை 10.10

டீச்சர், சேமலாப நிதியைத் தொடாதீர்கள் என்று நானும் சொல்கிறேன். பாடசாலையில் சீட்டு போடுவீர்கள்தானே? ஜூன் முறையை உங்களுக்குக் கேட்டு வாங்குங்கள். விமான டிக்கட்டைக் கிரெடிட் காட்டில் வட்டியில்லாத் தவணையாக மாற்ற வங்கிகளில் வசதி இருக்கிறது, ஆனால் செயன்முறைக் கட்டணம் எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள்.

அங்கே காட் கொடுக்கும்போது மெஷினில் இலங்கை ரூபாவா, சிங்கப்பூர் டொலரா என்று கேட்கும். டொலர் என்று அமத்துங்கள். ரூபா என்றால் அவர்கள் வைத்த மாற்று விலையில் கூடுதலாகப் போகும். கண்ணுக்குத் தெரிந்த ரூபாய்க் கணக்கு என்று நாங்கள் முதல் இரண்டு நாள் அப்படியே கட்டிக்கொண்டிருந்தோம்.

கடவுச்சீட்டையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 6 மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். பிள்ளைகளுடையது எத்தனை வருடத்துக்கு என்று தனியாகப் பாருங்கள். அம்மாவுக்குப் புதிதாக எடுக்க வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். நம் தோட்டத்து ஆட்களுக்கு அங்கேதான் சிக்கும். கண்டி அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்தில் ஒருநாள் சேவைக்குப் போனால் செலவு கூடும்.

பண்டாரவளை டீச்சர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

ஆகஸ்டுக்கு மாற்றிவிட்டோம், தேசிய தினத்துக்குப் பிறகு வருகிற வாரம். பார்க் புதன்கிழமை. முகவரிடம் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரச் சொன்னேன். முதலில் முடியாது என்றார், பிறகு தந்தார். விமான டிக்கட் அவரிடம் எங்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்தது, அதை மட்டும் அவரிடமே எடுத்தோம். சீசன் டவுன் அண்ணா சொன்ன மாதிரி மூன்று இரவு ஃபாரர் பார்க், ஒரு இரவு செந்தோசா. ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டதில் காலைச் சாப்பாடு பிள்ளைகளுக்குச் சேர்த்துத் தருகிறார்கள். எக்ஸ்பிரஸ் எடுக்கவில்லை. டிசம்பருக்குச் சொன்ன தொகையில் பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது. சேமலாப நிதியைத் தொடவில்லை.

போன ஞாயிறு பிள்ளைகளை ஹங்வெல்லப் பக்கம் இருக்கிற லெஷர் வேர்ல்டுக்குக் கூட்டிப் போனோம், மகன் சவாரிக்குப் பயப்படுவானா என்று பார்க்க. மகன் மூன்று தடவை ஏறினான். கண்ணை மூடிக்கொண்டது அவனுடைய அப்பா.

அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, திருத்த எழுதிக் கொடுத்திருக்கிறோம். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தே பழகியவர், இப்போது மகளின் கொப்பியில் கையெழுத்துப் பழகுகிறார். இரவு சாப்பிட்ட பிறகு இரண்டு பக்கம். மகள் சிவப்புப் பேனாவால் சரி போடுகிறாள்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அம்மா செருப்பைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. ஒரு நாள் முழுக்க நடக்க சப்பாத்து வாங்க வேண்டுமா?

மஸ்கெலியா அம்மா | ஞாயிறு, மாலை 6.05

வேண்டாம் டீச்சர். புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும். பின்பக்கம் பட்டி உள்ள செருப்பாக வாங்கி, இப்போதிருந்தே வீட்டில் போட வையுங்கள்.

கொட்டகலை பையன் | ஞாயிறு, இரவு 7.20

அக்கா, அந்தப் புதன் எனக்கு இரவு வேலை. காலை 9 மணிக்கு ஹார்பர்பிரண்ட் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். நடைபாதை வரை நான் கூட்டிப் போகிறேன். குடை இரண்டு என்னிடம் இருக்கிறது, நீங்கள் சுமந்து வர வேண்டாம்.